இரண்டாம் பாத்தியின் பிறவிக் குணம்

மைசூரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே முப்பத்தோரு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு நான்கு இலைகளை அளக்கிறார்கள். மழை நாளென்றால் மூன்று. அதன் முழுப் பெயர் தென்னக ஆற்றோரத் தாவர இலைப் பண்பு ஆய்வு நிலையம். பெயர்ப்பலகை கேட்டைவிட நீளமாக வந்துவிட்டதால் கேட்டை இடித்து அகலப்படுத்தினார்கள். ஆட்டோக்காரர்களின் கன்னடத்தில் அது எலெ ஆபீஸ், அதாவது இலை ஆபீஸ். கல்யாண மாதங்களில் கட்டு வாழையிலை என்ன விலை என்று கேட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பதுண்டு. அந்த நிலையத்தால் வெளியாருக்கு ஏதோ உபயோகம் இருக்கும் என்று யாராவது நம்பியது அந்த மாதங்களில் மட்டும்தான்.

சித்தையன் அங்கே ஒன்பது வருடமாகத் தற்காலிகமாக இருந்தான். சொந்த ஊர் ஹனூர் தாலுக்கா ராமாபுரம். பதவி, இலை அளவுக் கையாள், இரண்டாம் நிலை. முதல் நிலை என்று யாரும் கிடையாது. இரண்டாம் நிலையில் ஒருவர் இருந்தால் முதல் நிலையில் யாரோ இருக்கிறார்கள் என்று மேலிடம் எண்ணிக்கொள்ளும் என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள்.

இலையை அளப்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. சித்தையன் ஸ்கேலை வைத்து நீளத்தைச் சொல்வான். ஒருவர் அதைத் திருப்பிச் சொல்வார். இன்னொருவர் எழுதுவார். எழுதியதை நான்காமவர் சரிபார்க்க வேண்டும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இருக்கைக்கு வருவார். அதற்குள் இலை வாடிச் சுருண்டு நான்கு மில்லிமீட்டர் குறைந்திருக்கும். குறைந்த நான்கு மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று சித்தையன் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஒன்பது வருடத்தில் அவன் எழுதிய விளக்கங்கள் ஓர் இரும்பு பீரோவை நிறைத்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'பறித்த இலை வாடும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஒவ்வொன்றின் மேலும் பச்சை மையில், 'ஆதாரம் இணைக்கவும்.'

நிலையத்தில் இரண்டு பிரிவுகள். மரபுப் பிரிவை இயக்குநர் முனைவர் ஹேமந்த் தம் கையிலேயே வைத்திருந்தார். அவருடைய தாத்தா அங்கே இயக்குநர், அப்பா இயக்குநர், அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் இரண்டு முறை பிரம்பு மாற்றியிருந்தார்கள். ஓர் இலை சிறுத்திருப்பதும் பெருத்திருப்பதும் பிறப்பிலேயே எழுதப்பட்டது என்பது அவர் கட்சி. சூழல் பிரிவுக்குத் தலைவர் முனைவர் ஸ்ரீதேவி. மண்ணும் நீரும் வெயிலும்தான் இலையை ஆக்குகின்றன, பிறப்பில் ஒன்றுமில்லை என்பது இவர் கட்சி. தாம் இன்னும் இயக்குநர் ஆகாததற்கும் தம் அறை மேற்கு வெயிலைப் பார்த்து இருப்பதே காரணம் என்று பதினைந்து வருடமாக எழுதி வந்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் பாதி அந்த அறையைப் பற்றியவை.

இரண்டு பிரிவுக்காரர்களும் கேண்டீனில் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் சித்தையன், "ரெண்டுமே கொஞ்சங்கொஞ்சம் இருக்குமுங்களே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். இரு பிரிவுகளையும் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டதற்காக அவனுக்கு மெமோ வந்தது. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறப்பதில்லை. பணி நிரந்தரக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போது மனிதன் வேறென்ன செய்வான்.

கதை ஆற்றுப்பாலையில் ஆரம்பிக்கிறது. காவிரிக் கரையில் தானாக முளைத்து நிற்கும் மரம் அது. ஒல்லியான நீள இலை, அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் வெளுத்திருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கரையில் இருக்கும் ஆற்றுப்பாலைக்கும், ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் பாலாறு என்ற ஊர்ப் பக்கத்து ஆற்றுப்பாலைக்கும் இலை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜீப் கிளம்பியது. இயக்குநர், ஸ்ரீதேவி, துறட்டியோடு சித்தையன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஜீப் பாலத்தின் மேலேயே நின்றது. யாரும் இறங்கவில்லை. பயணப் படிவத்தில் வண்டியில் போன தூரத்துக்குத்தான் கட்டம் உண்டு, நடந்த தூரத்துக்குக் கிடையாது. கரையில் பதினெட்டு ஆற்றுப்பாலை மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் உச்சி பாலத்துக் கைப்பிடிச் சுவருக்குச் சரியாக இருந்தது. சித்தையன் சுவரில் சாய்ந்து துறட்டியால் உச்சிக் கொப்புகளை இழுத்து, வெயிலில் காய்ந்த இலைகளைப் பறித்தான். நீளம் எட்டு சென்டிமீட்டர். பாலாற்றில் வண்டி ஆற்றங்கரை வரைக்கும் போயிற்று. அங்கே நிழலில் ஒரு பெஞ்சு கிடந்தது. இயக்குநர் அதில் உட்கார்ந்து இளநீர் குடித்தபடி தலைக்கு மேல் தொங்கிய இலையைக் கையாலேயே பறித்தார். பதினைந்து சென்டிமீட்டர்.

இயக்குநர் பாலாறு வம்சம், ஸ்ரீரங்கப்பட்டணம் வம்சம் என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார். ஸ்ரீதேவி அது இடத்தின் குணம் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் டிரைவர் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

சண்டையைத் தீர்க்க ஒரு சோதனை ஏற்பாடாயிற்று. இரண்டு ஊர் மரத்திலிருந்தும் ஐம்பது ஐம்பது போத்துகள், அதாவது நட்டால் வேர் பிடிக்கிற குச்சிகள், வெட்டி வந்து நிலையத்தின் தோட்டத்தில் இரண்டு பாத்தியில் நட வேண்டும். முதல் பாத்தி ஸ்ரீரங்கப்பட்டணம், இரண்டாம் பாத்தி பாலாறு. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். வளர்ந்த பிறகும் இலை வித்தியாசமாக இருந்தால் பிறப்பு ஜெயித்தது. ஒன்றாகிவிட்டால் இடம் ஜெயித்தது. யோசனை நல்ல யோசனைதான். அதைச் செய்யப் போனது யார் என்பதில்தான் சிக்கல்.

இரண்டு பாத்திக்கும் சூழல் முற்றிலும் சமம் என்று ஸ்ரீதேவி நேரில் பார்க்காமலே சான்றிதழ் கொடுத்தார். நேரில் பார்க்க மேற்கு வெயிலில் நடக்க வேண்டும். முதல் பாத்தி ஜெனரேட்டருக்கும் அதிகாரிகளின் கார்கள் நிற்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. இரண்டாம் பாத்தி கேண்டீனின் கை கழுவும் தொட்டிக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் வந்து விழும் இடத்தில் இருந்தது. ரசமும் மோரும் கலந்த அந்தத் தண்ணீர் நாள் முழுக்க அங்கே ஊறும்.

ஏப்ரலில் தேர்தல் வந்தது. தோட்டக் குழாய்க்குப் பூட்டு. பூட்டின் சாவி பீரோவில். பீரோவின் சாவி ஸ்டோர் கீப்பர் இடுப்பில். ஸ்டோர் கீப்பர் தேர்தல் வேலையில். கேண்டீன்காரர்களும் சேர்ந்து போய்விட்டதால் கை கழுவும் தொட்டியும் காய்ந்தது. சித்தையன் வெளியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் சுமந்து வந்தான். அங்கீகரிக்கப்படாத தண்ணீர் சோதனையைக் கெடுக்கும் என்று சூழல் பிரிவு தடுத்தது. செடிகள் வாடுகின்றன என்று ஸ்ரீதேவியிடம் போய் நின்றான்.

"ரெண்டு பாத்தியும் சமமாத்தானே வாடுது, சித்தையன்? அப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் அவர்.

பதினோரு நாளில் நூறு போத்தும் சமமாகச் செத்தன. பழி யார் தலையில் விழும் என்று கண்டுபிடிக்கச் சித்தையனுக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் பாக்கியலட்சுமியிடம் போனான். அவர் கெட்டவர் இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். நூறும் உயிருடன் உள்ளது என்று மாதக் கடைசி வரைக்கும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

"திங்கக்கிழம டைரக்டர் பாத்தி பார்க்க வர்றார். ரிஜிஸ்டர்ல நூறும் உயிரோட இருக்கு. பாத்தியிலயும் உயிரோட இருக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார். "எப்படின்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க."

சித்தையன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் குடியிருந்தான். அந்தப் பாலத்துக்குக் கீழே, பதினெட்டு மரங்களில் முதல் மரத்தின் நிழலில், அவன் மனைவி ஜோதிமணி டீக்கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிவாளோடு அந்த மரத்தில் ஏறி நூறு போத்துகள் வெட்டினான். மரம் மொட்டையாயிற்று. நிழல் போனதில் ஜோதிமணிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மாதம் அவள் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் டீ ஆற்றினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு கட்டுகளாகப் போத்துகள் மைசூர் வந்தன. ஒரு கட்டு முதல் பாத்தியில், ஒரு கட்டு இரண்டாம் பாத்தியில். பெயர்ப் பலகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்றுப்பாலை தங்கமான மரம். ஈர மண்ணில் செருகினால் போதும், கேள்வி கேட்காமல் துளிர்த்துவிடும். அதற்குள் தேர்தலும் முடிந்து குழாயும் கேண்டீனும் திறந்துவிட்டன.

ஒரு வருடம் போயிற்று. முதல் பாத்தி ஜெனரேட்டர் புகையில் ஒடுங்கிப்போய் எட்டு சென்டிமீட்டர் இலை விட்டது. இரண்டாம் பாத்தி ரசமும் மோரும் குடித்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு விரித்தது. இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாநாட்டு அறையில் எல்லோரையும் கூட்டினார்.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. நான் சொல்லல, ரிஜிஸ்டர் சொல்லுது" என்று ஆரம்பித்தார். "அப்பறம் ஏன் ஒண்ணு உசந்தது, ஒண்ணு தாழ்ந்தது? பிறவி. எங்க தாத்தா இதே நாற்காலியில உக்காந்து இதையே சொன்னார். எங்கப்பாவும் சொன்னார். நானும் சொல்றேன். மூணு பேரும் தனித்தனியா யோசிச்சு ஒரே முடிவுக்கு வந்திருக்கோம், அல்லவா? இதவிட வேற ப்ரூஃப் வேணுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஸ்ரீதேவி கைதட்டவில்லை. ஆனால் எழுந்து கேண்டீன் குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. சொன்னால் சமம் என்று தாம் கொடுத்த சான்றிதழ் பொய்யாகிவிடும். தம் எதிர்ப்பைக் காட்ட அன்றைய டீயில் பிஸ்கட்டை மட்டும் மறுத்தார்.

இதோடு விட்டிருந்தால் நமக்கு இந்தக் கதை இல்லை. இரண்டாம் பாத்திச் செடிகளுக்கு ஒவ்வொன்றாக உயர்வம்சச் சான்றிதழ் அச்சடித்தார்கள். அடுத்து, காவிரிக் கரையிலுள்ள தாழ்ந்த வம்ச மரங்களை அகற்றி உயர்ந்த வம்சத்தை நிறுவுவது என்று ஒரு திட்டம் தயாராயிற்று. முதல் கட்டம், பாலத்தடியில் உள்ள பதினெட்டு மரங்கள். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். மேலிடத்திலிருந்து சிறப்பு விருந்தினர். அதே மேடையில், சோதனைச் செடிகளைப் பிள்ளைபோல் வளர்த்த சித்தையனுக்குப் பணி நிரந்தர உத்தரவு. பாக்கியலட்சுமி அந்தக் கவரைக் கண்ணில் காட்டினார். தன் பெயர் அச்செழுத்தில் இருந்ததைச் சித்தையன் பார்த்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் பெயருக்குப் பக்கத்தில் தற்காலிகம் என்ற சொல் இல்லை.

சந்தோஷமாக வீட்டுக்குப் போனான். பாலத்தடியில் ஜோதிமணி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பதினெட்டு மரத்திலும் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். அவள் கடை மரத்துக்கு எண் ஒன்று. அவன் சோதனை, சான்றிதழ், உத்தரவுக் கவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கிளாஸ் கழுவிய தண்ணீரை வழக்கம்போல மரத்தடியில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங் மாமா, அந்த ஆபீஸ்ல இருக்கற நூறும் இந்த மரத்துப் போத்துத்தானுங்களே?"

"ஆமா."

"எம்மரத்த வெட்டிப் போட்டு, அதே எடத்துல எம்மரத்தயே நடறதுக்கா மேடை போடறாங்கொ?"

சித்தையன் மரத்தின் சிவப்பு எண்ணைத் தொட்டுப் பார்த்தான். எட்டு வருடமாக அந்த நிழலில்தான் அவர்கள் பிழைப்பு. பக்கத்து மில்லுக்காரர்கள், பஸ் டிரைவர்கள், குளித்துவிட்டு வருகிறவர்கள், எல்லோரும் டீக்கு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு நிழலுக்குத்தான் வந்தார்கள். புதிதாக நடும் குச்சி நிழல் தர எத்தனை வருடமாகும் என்பதை அவன் அளந்து பார்க்கத் தேவையில்லை. மறுபக்கம் அந்தக் கவர் இருந்தது. இரண்டும் வேண்டும் என்று அவன் மனம் அழுதது, அதில் வெட்கமும் பட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். முதலில் ஸ்ரீதேவியிடம் போனான். நூறும் ஒரே மரம் என்று கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒரே பிறப்பு, வேறு வேறு இலை. அப்படியானால் இடம்தான் இலையை ஆக்கியிருக்கிறது. பதினைந்து வருடமாக அவர் சொன்னதே சரி. கண்ணில் நீர் கட்டிவிட்டது அவருக்கு. பிறகு மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு பாத்தியும் வேறு வேறு இடமாக இருந்தால்தானே அது சரி. சமம் என்று கையெழுத்துப் போட்டது யார்?

"நீங்க சொல்றது உண்மைதான், சித்தையன்" என்றார் கடைசியில். "ஆனா அது நம்ம பிரிவோட உண்மை ஆகாது. நான் கேக்கலைன்னு வெச்சுக்குங்க."

இயக்குநர் அறையில் பேச்சு இன்னும் சுருக்கமாக முடிந்தது. அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். சித்தையன் மரத்தில் ஏறியதிலிருந்து பஸ்ஸில் கண்டக்டர் சுமைக்கு டிக்கெட் கேட்டது வரைக்கும் சொன்னான்.

"நீ சொல்றது ஒரு மனுஷன் சொல்றது, சித்தையா. ரிஜிஸ்டர்ல இருக்கறது சயின்ஸ்" என்றார் இயக்குநர். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "உங்கப்பாவும் இப்படித்தான் ஏதாவது சொல்லிட்டிருப்பாரா?"

"எங்கப்பன் ஆடு மேச்சாருங்க சார்."

"நோடு, பாரு, அதான்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் பாக்கியலட்சுமி அவனைத் தனியே கூப்பிட்டார். மேடையில் தாழ்ந்த வம்சத்து இலை ஒன்றையும் உயர்ந்த வம்சத்து இலை ஒன்றையும் அளந்து காட்ட வேண்டும், துறட்டியை மறக்காமல் எடுத்து வர வேண்டும், போன தடவை மாதிரியே உச்சியிலிருந்து பறிக்க வேண்டும் என்று சொன்னார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் எல்லாம் தெரியும் என்று சித்தையனுக்கு அப்போது புரிந்தது.

விழா நடந்த இடத்தில் பந்தல் போடவில்லை. மரங்களே நல்ல நிழலாக இருக்கின்றன, பந்தல் எதற்கு என்று இயக்குநரே சொல்லிவிட்டார். வெட்டப்போகும் மரங்களின் நிழலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கோடரிக்காரர்கள் எட்டுப் பேர் ஜோதிமணி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த வம்சத்தின் பிரதிநிதிகளாகப் பத்துச் செடிகள் தொட்டியில் வந்து மேடையோரம் இருந்தன. அவற்றின் சான்றிதழில் கையெழுத்தாக நாற்பது நாள் ஆகிவிட்டது. அந்த நாற்பது நாளும் இயக்குநர் அறைக்கு வெளியே, ஏசி இயந்திரத்தின் வெப்பக் காற்று அடிக்கும் இடத்தில் அவை காத்திருந்தன. பழைய இலையெல்லாம் கொட்டிப்போய்ப் புது இலை கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. சான்றிதழ்கள் மட்டும் லேமினேஷனில் பளபளத்தன.

இயக்குநர் அரைமணி நேரம் பேசினார். தாழ்ந்தவற்றின் மேல் தமக்குக் கோபமில்லை, அவை தாழ்ந்து பிறந்தது அவற்றின் குற்றமில்லை, ஆற்றங்கரை மட்டும் உயர்ந்தவற்றுக்கு உரியது என்றார். சிறப்பு விருந்தினர் தலையாட்டினார். அவர் தலைக்கு மேல் ஒரு கொப்பு ஆடி விசிறிவிட்டது. பிறகு சித்தையனை மேடைக்கு அழைத்தார்கள்.

துறட்டி கடைச் சுவரில் சாய்ந்திருந்தது. சித்தையன் அதைப் பார்த்தான். ஜோதிமணி அதில் பாத்திரம் துடைக்கிற துணியைக் காயப் போட்டிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கவர் மேசையில் பூச்சாடிக்கு அடியில் இருந்தது. அவன் கால் ஒரு நிமிஷம் துறட்டிப் பக்கம்தான் போயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு நின்றான். வெறுங்கையோடு முதல் மரத்தடிக்குப் போய், எட்டு வருடம் கிளாஸ் கழுவிய தண்ணீர் குடித்து வளர்ந்து தோளுயரத்தில் தொங்கிய கொப்பிலிருந்து ஓர் இலையைப் பறித்தான்.

ஸ்கேலை வைத்து மைக்கில் சொன்னான். பதினாறு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். அடுத்து தொட்டிச் செடி. ஏழு சென்டிமீட்டர்.

சரிபார்க்கும் நான்காமவர் வழக்கப்படி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார் என்பதால் மறுக்க யாருமில்லை. சிறப்பு விருந்தினர் இரண்டு இலைகளையும் தம் கையில் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எது தாழ்ந்தது என்று கேட்டார். கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் சிரித்தார். இயக்குநர் முகத்தில் வியர்வை ஓடியது. ஆனால் மூன்று தலைமுறை அனுபவம் சும்மாவா. அவர் மைக்கைப் பிடித்தபோது குரலில் சிறு நடுக்கம்கூட இல்லை.

"சார், இது சாதாரண விஷயமல்ல. இந்த ஒண்ணாம் நம்பர் மரம் இந்த ஊர் வம்சமே இல்ல. பதினாறு சென்டிமீட்டர். இது சுத்தமான பாலாறு வம்சம். நம்ம ஸ்டாஃப் இத கண்டுபிடிச்சிருக்கார்."

விருந்தினர் விவரம் தெரிந்தவர். பாலாறு ஆற்றின் போக்கில் கீழேயல்லவா இருக்கிறது, அங்கிருந்து விதை இங்கே எப்படி வரும் என்று கேட்டார்.

"தண்ணி கீழ போகும் சார்" என்றார் இயக்குநர். "உயர்ந்த வம்சம் மேல வரும்."

பலத்த கைதட்டல். முதல் மரத்துக்கு அங்கேயே ஒரு சான்றிதழ் கட்டினார்கள், தொட்டிச் செடியிலிருந்து கழற்றியதுதான். அப்படியானால் மற்ற பதினேழையும் வெட்டுவதற்கு முன் பார்த்துவிடலாமே என்றார் விருந்தினர். சித்தையன் ஒவ்வொரு மரமாகப் போய்க் கைக்கெட்டும் கொப்பில், நிழலில் வளர்ந்த இலையாகப் பறித்தான். பதினைந்து. பதினாறு. பதினான்கு சென்டிமீட்டர், ஒன்பது மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் பாலாறு வம்சம் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மதியத்துக்குள் கரையில் தாழ்ந்த வம்சம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோடரிக்காரர்கள் இன்னொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உத்தரவுக் கவர் பூச்சாடிக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டு இயக்குநரின் பைக்குள் போயிற்று. தாழ்ந்த வம்சத்தை அகற்றிய பிறகு என்று அதில் ஒரு நிபந்தனை இருந்ததாம்.

சித்தையன் வேலை அவ்வளவுதான் என்று நினைத்தான். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஜோதிமணி அவனைத் திட்டவில்லை. கடையில் சர்க்கரை கூட்டிப் போட்ட டீயை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். அவனுக்கு அழுகை வந்தது அந்த டீயைப் பார்த்துத்தான்.

மூன்றாம் வாரம் நிலையத்துக்கு ஒரு புதுக் கவலை பிறந்தது. கோப்புகளின்படி ஸ்ரீரங்கப்பட்டணம் வம்சம் என்று ஒன்று இருந்தது; பாலத்தின் மேலிருந்து பறித்து அளந்த எட்டு சென்டிமீட்டர் இலைக்குக் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. இப்போது கரையில் நிற்கும் பதினெட்டும் பாலாறு வம்சம். அப்படியென்றால் ஸ்ரீரங்கப்பட்டணம் வம்சம் எங்கே? ஏழு பேர் கொண்ட குழு நான்கு நாள் உட்கார்ந்து, அது அழிந்துவிட்டது என்று முடிவு செய்தது. இயக்குநர் இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்கு ஏற்பாடு செய்தார். ஸ்ரீதேவி அது அழிந்ததற்குச் சூழலே காரணம் என்று தனிக் குறிப்பு எழுதி, அதோடு வடக்கு பார்த்த அறை கேட்டு ஒரு விண்ணப்பமும் இணைத்தார். அது உடனே அனுமதிக்கப்பட்டது.

அழிந்த வம்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு புதுப் பிரிவு தேவைப்பட்டது. அதைக் கடைசியாகக் கண்ணால் பார்த்து, துறட்டியால் தொட்டு, ஸ்கேலால் அளந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். உத்தரவு வீடு தேடி வந்தது. பதவி, வம்சத் தேடல் அலுவலர், முதல் நிலை. பணி நிரந்தரம். கள அலுவலகம், ஸ்ரீரங்கப்பட்டணம் பாலத்தடி, மரம் எண் ஒன்று. நிலையம் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் ஒரு பதிவேடும் அனுப்பிவைத்தது. மேசையை ஜோதிமணி கடைக்கு எடுத்துக்கொண்டாள்.

இப்போது தினமும் பத்தரை மணிக்குச் சித்தையன் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்கிறான். தலைக்கு மேலே நிழலில் பதினாறு சென்டிமீட்டர் இலையும், அதற்கும் மேலே, பாலத்து உயரத்தில், வெயிலில் எட்டு சென்டிமீட்டர் இலையுமாக அந்த மரம் நிற்கிறது. ஜோதிமணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னிக்காச்சும் கெடச்சுதுங்களா மாமா?" என்று கேட்பாள். அவன் தலையைத் தூக்கி உச்சிக் கொப்பை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பான். பிறகு பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, 'இன்றும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவான்.